தணிகாசலம் அடிக்க வேண்டிய மணி

ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் எல்லாருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தணிகாசலத்துக்கு மட்டும் கிடையாது. ஒரே ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். “கரும்பலகையில் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது” என்று கோமதி டீச்சர் சொல்லிவிட்டுப் போக, அவன் தேங்காய் நாரால் தேய்தேய் என்று தேய்த்து, மூலையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருந்த ‘வகுப்பு, வருகை’ என்ற சொற்களையும் பெயர்த்தெடுத்துவிட்டான்.

அன்றே கடைசி பெஞ்சுக்கு அனுப்பப்பட்டான். அங்கே ஏற்கெனவே குடியிருந்த சூசையும் வீரபாகுவும் அவனை மகா அறிவாளி என்று மதித்து இடம் கொடுத்தார்கள்.

தணிகாசலத்தின் ஆசையெல்லாம் வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டின்மேல்தான். அதுதான் பள்ளிக்கூடத்து மணி. அதை ஒரு தடவை ஓங்கி அடித்துவிட்டால், பிறகு கணக்கில் முட்டை வாங்கினாலும் அவனுக்குக் கவலையில்லை.

ஒருநாள் பிற்பகல். வகுப்புத் தலைவனுக்குக் காய்ச்சல். தலைமையாசிரியர் அழைக்கிறார் என்று டீச்சருக்கு ஆள் வந்துவிட்டது.

“தணிகாசலம்! யார் பேசினாலும் பெயரைப் பலகையில் எழுது. அடங்காதவர்களுக்குப் பக்கத்தில் ‘அடங்கவில்லை’ என்றும் எழுது. ஒன்றுகூட விடுபடாமல் எழுதினால் இன்று சாயங்கால மணி உன் கையில்!”

அவன் சுண்ணாம்புக்கட்டியோடு நின்றான். வேண்டுமென்றே ஒருவரும் வாய் திறக்கவில்லை. பலகையில் ஒரு பெயரும் இல்லாவிட்டால் மணி கைநழுவிப் போகுமே என்று அவன் ஒவ்வொரு வாயாகப் பார்த்தான். அப்போது சுவரில் ஒரு பல்லி, “ச்சு… ச்சு…” என்றது.

“எழுதுடா, பல்லி சொல்லுது!” என்றான் சூசை.

“பல்லி பேசுமாடா?” என்று வீரபாகு கேட்டான்.

“எங்கப்பா திருச்சிக்குக் கிளம்பினாரு. பல்லி சொல்லுச்சு, டிக்கெட்டைக் கிழிச்சுப் போட்டுட்டுப் படுத்துட்டாரு. அது பேசலேன்னா ஒரு பெரிய மனுஷன் ஏன் கிழிக்கிறாரு?”

இந்த வாதத்துக்கு மறுப்பே இல்லை. ஆனால் பல்லியின் பெயர் என்ன? வருகைப் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார்கள், இல்லை. கடைசியில், ‘பல்லி, மேற்குச் சுவர்’ என்று எழுதப்பட்டது.

“இப்போ நீங்க ரெண்டு பேரும் பேசினீங்க” என்று தணிகாசலம் அவர்கள் பெயர்களையும் எழுதினான்.

“நீ மட்டும் ஊமையாடா?” என்றான் சூசை.

நியாயம் நியாயம்தான். தன் பெயரையும் எழுதி, பக்கத்தில் ‘அடங்கவில்லை’ என்றும் சேர்த்தான்.

டீச்சர் திரும்பி வந்தார். “என்னடா இது கூத்து?”

‘கோமதி டீச்சர்’ என்று எழுதினான்.

“டேய்!”

‘அடங்கவில்லை.’

வகுப்பே உருண்டு சிரித்தது. சிரிப்பது பேச்சில் சேராது என்பதால் மற்ற எல்லாரும் தப்பினார்கள்.

டீச்சர் முகம் சிவந்தது. ஆயினும் இருபத்தாறு ஆண்டுப் பணியில் சொன்ன சொல் தவறாதவர் அவர். பட்டியலில் ஒரு பெயரும் விடுபடவில்லை. மணியடிக்கும் இரும்புக் கம்பியை எடுத்துத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். அவன் அதைக் கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டான்.

“சாயங்காலம் நீதான் அடிக்கணும். இப்போது மூன்று பேரும் வராந்தாவில் போய் நில்லுங்கள். மணி அடிக்கும்வரை ஓர் அடி நகரக் கூடாது!”

“டீச்சர், பல்லி உள்ளேயே இருக்குதே?” என்று கேட்டான் வீரபாகு. பதில் வராததால் பல்லி மன்னிக்கப்பட்டதாக முடிவு செய்து, மூவரும் வெளியே போய் நின்றார்கள்.

பள்ளி விடும் நேரமான நான்கு மணி ஆயிற்று. நாலேகால். நாலரை. வாசலில் பெற்றோர் கூட்டம் முண்டியடித்தது. வேப்பமரம் பத்தடி தொலைவில்தான் நின்றது. தணிகாசலம் அதை ஏக்கத்தோடு பார்த்தான். கால் மட்டும் அசையவில்லை.

தலைமையாசிரியர் தம் அறையிலிருந்தே கத்தினார்: “மணி என்னடா ஆச்சு?”

தணிகாசலம் கம்பியை உயர்த்திக் காட்டி, பணிவோடு குரல் கொடுத்தான்:

“ரெடியா இருக்கேன் சார்! மணி அடிச்சதும் ஓடிவந்து அடிச்சிடறேன்!”