பாதி விலைப் பௌர்ணமி

வேங்கைமலை அரசர் இளவெயினருக்குத் தாயம் என்றால் உயிர். அரண்மனைத் தோட்டத்தில் ஊராருக்கும் சேர்த்து ஒரு தாயக்களம் திறந்து வைத்திருந்தார். அங்கே காசு வைத்து ஆட முடியாது. வாசலில் வெள்ளிக்காசு கொடுத்து, சாயம் பூசிய மரவில்லைகளை வாங்கி, அவற்றை வைத்துத்தான் ஆட வேண்டும். களத்துக்கு வெளியே அந்த வில்லைக்கு ஒரு கத்திரிக்காய்கூடக் கிடைக்காது. அரசரே ஆனாலும் காசு கொடுத்துத்தான் வில்லை வாங்க வேண்டும் என்பது களத்து வழக்கம்.

பொக்கிஷ அதிகாரி மருதையர் ஒரு யோசனை சொன்னார். "அரசே, பௌர்ணமிதோறும் சலுகை ஓலை கொடுப்போம். ஓலையைக் காட்டினால் வில்லை பாதி விலை. வெறும் மரத்துண்டுதானே, நமக்கென்ன நட்டம்?"

அந்தப் பௌர்ணமியன்று கூட்டம் கோட்டை வாசல்வரை நின்றது. அரசருக்கு வாயெல்லாம் பல். மருதையருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார்.

அவையில் பூதன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது. அந்த வாய்க்காகத்தான் அரசர் அவருக்குச் சம்பளமே கொடுத்தார். அடுத்த பௌர்ணமி நெருங்கும்போது அவர் வாய் திறந்தார்.

"பௌர்ணமிக்குக் கூட்டம் சரி அரசே. மற்ற நாளில் களம் காற்று வாங்குகிறதே! எல்லாரும் பாதி விலைக்குக் காத்திருக்கிறார்கள். முழு விலை கொடுக்க வந்தவரையும் நாமே திருப்பி அனுப்பிவிட்டோம்."

மருதையர் சிரித்தார். "இல்லாதவன் காத்திருப்பான். வசதியுள்ளவன் ஆட ஆசை வந்தால் காத்திருப்பானா?"

"அதானே!" என்றார் அரசர். "பூதா, காசும் ஆசையும் இருந்தும் பௌர்ணமிக்காகக் காத்திருக்கும் ஒரு பணக்காரனை மூன்று நாளில் என் முன் நிறுத்து. முடியாவிட்டால் உன் பதவி மருதையரின் மைத்துனனுக்கு!"

பூதன் யோசித்துப் பார்த்தார். எந்தப் பணக்காரன் அவைக்கு வந்து தன் கஞ்சத்தனத்தை ஒப்புக்கொள்வான்?

மூன்றாம் நாள் பூதன் அவைக்குத் தனியாகத்தான் வந்தார். மறுநாள் பௌர்ணமி.

"ஆள் எங்கே?"

"சொல்கிறேன் அரசே. முகம் வாடியிருக்கிறதே, தாயம் ஆடவில்லையா?"

"ஆடிப் பத்து நாளாயிற்று. கண்ணை மூடினால் தாயக்கட்டைதான் உருள்கிறது."

"பிறகென்ன தடை?"

"வில்லை தீர்ந்துவிட்டது."

"அடடா! இப்போதே ஆளனுப்பி நூறு வில்லை வாங்கிவரச் சொல்கிறேன்." பூதன் எழுந்தே விட்டார்.

அரசர் பதறினார். "உட்கார், உட்கார்! என்ன அவசரம்? நாளைக்குப் பௌர்ணமி. பாதி விலைக்குக் கிடைக்கும்!"

மருதையர் சால்வையைச் சரிசெய்வதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"பணக்காரரை நிறுத்தச் சொன்னீர்கள்," என்றார் பூதன் பணிவாக. "அவர் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். பரவாயில்லையா அரசே?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். "மாட்டிக்கொண்டேன்! சரி, எவ்வளவு சலுகை கொடுக்கலாம்?"

"பத்தில் ஒரு பங்கு. அதையும் என்றைக்கு என்று சொல்லாமல் கொடுங்கள். கிடைத்தவர் சந்தோஷப்பட அது போதும். அதற்காக ஆட்டத்தைத் தள்ளிப்போட யாருக்கும் மனசு வராது."

"பிழைத்துப் போ! பூதனுக்கு என் செலவில் ஆயிரம் வில்லை பரிசு!"

பூதன் கைகட்டி நின்றார். "அரசே, பரிசு இன்றைக்கா, நாளைக்கா?"