வெட்டாமல் விட்ட வால்

"திருடிட்டா மேடம். பட்டப்பகல்ல திருடிட்டா."

செருப்பைக்கூட நேராகக் கழற்றாமல் உள்ளே வந்த திருமாறனுக்கு வயது ஐம்பத்திரண்டு. உப்பு நிலத்திலும் நெல் விளைய வைக்கும் மரபணுவை ஆய்வகத்தில் கோத்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கிய பெரிய ஆள். ஆனாலும் தன் பழைய பேராசிரியர் ஹெப்சிபாவைப் பார்த்துவிட்டால் போதும், புகார்ப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

"யாரு?"

"நஸீமா. என்கிட்டப் படிச்ச பொண்ணு. என் மரபணுவை எடுத்து, நாலு இடத்துல மாத்தி, தன்னோடதுன்னு காப்புரிமை கேட்டிருக்கா."

"அவளே செஞ்சிருக்கலாமே?"

இந்தக் கேள்விக்காகத்தானே மனுஷன் காத்திருந்தார். தன் மரபணு ஒன்றிலும் நஸீமாவுடையது மற்றொன்றிலுமாக அச்சடித்த இரண்டு தாள்களை எடுத்து விரித்தார். ஏ, டி, ஜி, சி என்று எறும்பு வரிசையாக எழுத்துகள்.

"கடைசி இருபது எழுத்தைப் பாருங்க. இந்த வாலால ஒரு பிரயோஜனமும் கிடையாது. சொந்தமா செய்யறவ இதை எதுக்கு வைக்கப்போறா? என்னோடதுல இருக்கு, அவளோடதுலயும் இருக்கு. கையும் களவுமா மாட்டிக்கிட்டா."

"வால் ஒண்ணா இருந்தா திருட்டுதானா?"

"சந்தேகமே வேண்டாம் மேடம். இனி எந்த ஆய்வகத்துலயும் அவ கால் வைக்கக் கூடாது." கோர்ட்டுக்கான மனுவை நீட்டினார். "நிபுணர்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா கேஸ் நிக்கும்."

ஹெப்சிபா எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றோடு திரும்பி வந்து, ஒரு பக்கத்தைப் பிரித்து வைத்தார்.

ஹெப்சிபா தன் கைப்பட எழுதியது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதே இருபது எழுத்து. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: 'ஒட்டும்போது தங்கிப்போன வால். தேவையில்லை. அடுத்த முறை வெட்டணும்.'

திருமாறன் படித்தார். மறுபடியும் படித்தார். காது மடல் சுட்டது.

பட்டம் வாங்கிக் கிளம்பிய நாளில் மேடம் ஒரு ஃபிளாஸ்க்கில் ஐஸ் நிரப்பி, நடுவில் தான் கோத்த மரபணு இருந்த ஒரு சின்னக் குப்பியை வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் வழி முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அதற்கப்புறம் எவ்வளவோ மாற்றினார், சேர்த்தார். எல்லாமே தன்னுடையதுதான் என்று எப்போது நம்ப ஆரம்பித்தார் என்பதுதான் ஞாபகமில்லை. காப்புரிமை விண்ணப்பத்தில், கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டத்தில், ஒரே ஒரு பெயரைத்தான் எழுதினார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க ஏன் மேடம் அப்பவே ஒரு வார்த்தை சொல்லலை?"

"உப்புத் தண்ணியில நெல்லு கதிர் விட்டுச்சுன்னு பேப்பர்ல படிச்சேன். சந்தோஷமா இருந்துச்சு."

ஹெப்சிபா பேனா மூடியைத் திறந்தார்.

"கையெழுத்து எங்கப்பா போடணும்?"

திருமாறன் அந்த இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.