சுரைக்குடுக்கையில் அடைபட்ட குரல்கள்

முன்னொரு காலத்திலே, மேகங்கள் மலையிறங்கி வந்து மனுசரோடு பேசிவிட்டுப் போன காலத்திலே, கருங்குன்றம் என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு நோய் வந்தது. கல்நோய் என்று அதற்குப் பேர். முதலில் பாதம் கல்லாகும். பிறகு இடுப்பு கல்லாகும். பிறகு நெஞ்சு கல்லாகும். நெஞ்சும் கல்லாகிவிட்டால் அப்புறம் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அந்த நாட்டில் ஆவுடை என்று ஒருத்தி இருந்தாள். அவளுடைய ஒரே மகள் கோமு. எட்டு வயசில் ஓடிக்கொண்டிருந்த பெண், ஒரு நாள் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தால் பாதம் கல்லாயிருந்தது.

அரண்மனை வைத்தியர் பூதலிங்கம் பாதி வைத்தியர், பாதி மந்திரவாதி. "என் மருந்துச்சாலைக்கு வேலைக்கு வா, ஆவுடை. மருந்து கிடைத்ததும் முதல் உருண்டை உன் மகளுக்கு" என்றார். ஆவுடை போனாள். போகாமல் என்ன செய்வாள்?

மருந்துச்சாலையில் வரிசையாகக் கூண்டுகள். ஒன்றில் குரங்கு, ஒன்றில் ஆடு, ஒன்றில் முயல். வைத்தியர் அவற்றின் மேல் ஒரு பொடியைத் தூவுவார். கால் கல்லாகும். பிறகு வாயைத் திறந்து ஒரு மருந்தைத் திணிப்பார். பொழுது சாய்வதற்குள் கல் இளகாவிட்டால் ஓலையில் 'பலனில்லை' என்று எழுதுவார். மறுநாள் காலை வேறு மருந்து, அதே வாய். தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் ஆவுடை வேலை. கூண்டிலிருந்து மேசைக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அவள் வேலைதான்.

ஒன்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. அந்த வீட்டில் சத்தமே இல்லை.

"வைத்தியரையா, ஆடு வாயைத் திறந்து திறந்து மூடுது. வலிக்குதோ என்னமோ."

"கத்திச்சா?"

"இல்ல."

"சத்தமில்லை, ஆகவே சங்கடமில்லை. அடுத்ததைத் தூக்கிட்டு வா."

அடுத்த வருசம் முயல் கூண்டு மூலையில் சுருண்டு கிடந்தது. "வைத்தியரையா, முயல் தின்ன மாட்டேங்குது."

"கத்திச்சா?"

"இல்ல."

"சத்தமில்லை, ஆகவே சங்கடமில்லை."

மூன்றாவது வருசம். ஒரு நாள் காலையில் ஆவுடை மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். கல் இடுப்பைத் தாண்டிவிட்டது. கோமு மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, இன்னைக்காவது மருந்து வருமா?"

ஆவுடை சீப்பை வைத்துவிட்டு விறுவிறுவென்று மருந்துச்சாலைக்கு நடந்தாள். உள்ளே குரங்கு தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து கிடந்தது. சத்தமில்லை.

"ஏன் ஐயா," என்றாள், "ஊரிலிருக்கிற குரங்கெல்லாம் கூரை ஓட்டைப் பேர்த்துக்கிட்டுக் கத்துது. இங்க வந்தா மட்டும் சாமியாராயிடுதா?"

வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உத்தரத்தைக் காட்டினார். அங்கே ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது. வாயை மெழுகு வைத்து அடைத்திருந்தது.

"வாய்க்கட்டு மந்திரம்! மிருகம் உள்ளே வரும்போதே அதோட குரலை உருவி அதில் போட்டுடுவேன். கத்திக்கிட்டேயிருந்தா மனுசன் எப்படி வேலை பார்க்கிறது?"

"அதைத் திறந்தா?"

"யார் வேணும்னாலும் திறக்கலாம். ஆனா கடைசிக் குரல் ஓயும்வரை இந்த அறையில் இருக்கிறவங்க காதைப் பொத்தக் கூடாது. பொத்தினவங்க குரல் உள்ளே போயிடும். நானே திறந்ததில்லை. எனக்கென்ன பைத்தியமா?"

ஆவுடை கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். "மூணு வருசமா மருந்து குடுத்தீங்களே, குடிச்சது என்ன சொல்லுதுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு குழம்பு வச்சாக்கூட உப்பு இருக்கான்னு சாப்பிட்டவனைக் கேக்கிறோம். வாயையும் கட்டிட்டு, வலியும் இல்லேன்னு எழுதிக்கிறது! இதுக்கு ஓலை வேற, எழுத்தாணி வேற!"

"ஏ ஆவுடை, நாக்கை அடக்கு."

"என் நாக்கையும் உருவிப் போடுங்க!" என்று கத்திவிட்டு, மூலையில் கிடந்த துரட்டியை எடுத்துக் குடுக்கையைக் கீழே இழுத்தாள். வைத்தியர் பாய்ந்து வருவதற்குள் மெழுகைச் சுரண்டி எறிந்தாள்.

முதலில் ஒரு காற்று வந்தது. பிறகு குரல்கள் வந்தன. மந்திரத்தில் ஊறிக் கிடந்ததால் அவை மனுசப் பேச்சாகவே வந்தன.

"ஏ ஆவுடை!" என்றது குரங்கு. "உன் கஞ்சியில உப்பே இல்லட்டி! மூணு வருசமா சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் வயிறு. ஐயோ என் வயிறு! நேத்து குடுத்தது உள்ளே தணலா எரியுது. முந்தாநாள் குடுத்தது அதைவிட."

ஆவுடை கேட்டாள்.

"என் கொம்பைக் கட்டிப்போட்டு நாலு நாள் தண்ணி காட்டலை" என்றது ஆடு. "தண்ணிச் சத்தம் மட்டும் பக்கத்துத் தொட்டியிலிருந்து கேட்டுச்சு."

ஆவுடை கேட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"நீதானே என்னைத் தூக்கிக்கிட்டுப் போனே" என்றது முயல்.

"ஆமா."

"ஒவ்வொரு நாளும்."

"ஆமா." மகளுக்காக என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"முதல் வருசம் என்கூட ஒரு குட்டி இருந்துச்சு. அதையும் நீதான் தூக்கிட்டுப் போனே. அது திரும்ப வரலை. ஆனா அதோட குரல் உள்ளேதான் இருக்கு. அதையும் கேளு."

கடைசியாக அந்தக் குரல் வந்தது. குட்டிக்குப் பேச்சு வரும் முன்பே போய்விட்டதால் அதில் சொல் எதுவும் இல்லை. மெல்லிய ஒரு கீச்சு. நின்றது. மறுபடி வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஆவுடையின் கைகள் காதுக்குப் போகப் பார்த்தன. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பலமாக உட்கார்ந்தாள்.

பூதலிங்கத்தால் முடியவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான். அவர் குரல் சர்ரென்று குடுக்கைக்குள் போய் விழுந்தது. மெழுகு தானாக மூடிக்கொண்டது. வைத்தியர் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"சத்தமில்லை, ஆகவே சங்கடமில்லை" என்றது குரங்கு.

ஆவுடைக்குச் சிரிப்பு வரவில்லை. "என் மகளுக்கு நெஞ்சு கல்லாகப் போகுது" என்றாள் முயலிடம். "உன்கிட்டக் கேக்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் கேக்கிறேன். இத்தனை மருந்தில் எதுவுமே வேலை செய்யலையா?"

முயல் அவளை உற்றுப் பார்த்தது.

"முதல் மருந்து வேலை செஞ்சுச்சு. பனிக்கொடி வேரும் மலைத்தேனும் குழைச்சது. தின்ன அன்னைக்கே எலும்புக்குள்ள எறும்பு ஊறின மாதிரி குறுகுறுன்னுச்சு. கல்லு உள்ளேயிருந்துதான் இளகும். ரெண்டு நாள் சும்மா விட்டிருந்தா வெளியவும் இளகியிருக்கும். மறுநாள் காலையிலேயே அடுத்த மருந்தைத் திணிச்சாரு. திரும்ப இறுகிப்போச்சு."

"எனக்கும் குறுகுறுன்னுச்சு" என்றது ஆடு.

"எனக்கும்தான்" என்றது குரங்கு. "கத்திக் கத்திச் சொன்னேன். எங்கே கேட்டுச்சு?"

முதல் மருந்து! மூன்று வருசம்! ஆவுடை தலையில் அடித்துக்கொண்டாள். வைத்தியரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். எத்தனை கூண்டு, எத்தனை காலை, எத்தனை வாய்! எல்லாம் வெட்டிக்கு.

பனிக்கொடி வேரை இடித்து, தேன் விட்டுக் குழைத்து உருண்டை பிடித்தாள். பிறகு கூண்டின் முன்னால் மண்டியிட்டு, "உனக்கு ஒண்ணு தரட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்" என்றாள். அந்த வீட்டில் ஒரு முயலிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை.

முயல் வெகுநேரம் யோசித்தது. "முதல்ல நீ தின்னு" என்றது.

ஆவுடை தின்றாள். பிறகு முயல் தின்றது. ஆடு தின்றது. குரங்கு இரண்டாகக் கேட்டு வாங்கித் தின்றது. மிச்சத்தை மடியில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடினாள்.

முதல் நாள் கோமு ஒன்றும் சொல்லவில்லை; மூன்று வருசத்துக் கல் அல்லவா. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. ஆவுடைக்குக் கை பரபரத்தது, வேறு எதையாவது கொடுத்துப் பார்க்கலாமா என்று. கொடுக்கவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "எப்படியிருக்கு, சொல்லு."

மூன்றாம் நாள் காலையில் கோமு முகத்தைச் சுளித்தாள். "அம்மா, குறுகுறுங்குது."

கல் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்து பாயெல்லாம் கொட்டியது.

சேதி கேட்டு ராஜா மருந்துச்சாலைக்கு வந்தார். கால் இளகிய ஆடும் குரங்கும் முயலும் வாசலில் நின்றன. நாட்டில் எல்லாருக்கும் அந்த உருண்டை போயிற்று. ராஜா ஆவுடையையே மருந்துச்சாலைக்குத் தலைவியாக்கினார். அவள் செய்த முதல் வேலை, கூண்டுகளை உடைத்துக் கஷாய அடுப்புக்கு விறகாக்கியது.

"எல்லாம் சரி," என்றார் ராஜா, "நாளைக்கு வேறொரு நோய் வந்தால் என்ன செய்வது?" எல்லாரும் முயலைப் பார்த்தார்கள்.

"அதை ஏன் என்னைப் பார்த்துக் கேக்கிறீங்க?" என்றது முயல். "இவ்வளவு பெரிய தலையை எதுக்கு வச்சிருக்கீங்க? யோசிங்க."

ஆவுடைக்கும் அது முழுசாகத் தெரியவில்லை. ஆனால் இனிமேல் எந்த வாயையும் கட்டுவதில்லை, மாட்டேன் என்று சொல்லும் வாயில் எதையும் திணிப்பதில்லை, மருந்து செய்கிறவரே முதலில் தின்பது என்று மூன்று கட்டளைகளைக் கல்லில் வெட்டி வைத்தாள்.

அப்புறம் பூதலிங்கத்தின் பரிதாபமான முகத்தைப் பார்த்து, குடுக்கையைத் திறந்து அவர் குரலையும் விட்டாள். அவர் அரை நாள் விடாமல் புலம்பினார். ஆவுடை காதைப் பொத்தாமல் கேட்டாள். சும்மா சொல்லக் கூடாது, அதுதான் ரொம்பச் சிரமமாக இருந்தது.

புலம்பல் ஓய்ந்ததும் ஆடு புல்வெளிக்குப் போயிற்று. குரங்கு ஓட்டின்மேல் ஏறிற்று. முயல் காட்டைப் பார்த்து நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

"அம்மா," என்றாள் பக்கத்தில் நின்ற கோமு, "அதுக்கு இன்னும் உன்மேல கோவமா?"

"தெரியலை. நான் கேக்கலை."

"இரு, கேட்டுட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று வருசமாகக் கல்லாயிருந்த தன் இரண்டு கால்களாலும் கோமு ஓடினாள்.