இல்லாதவளுக்கு ஒரு மூக்குத்தி

"ஓடக்காரன் அக்கரைக்குப் போனான். போயிட்டுத் திரும்பி வந்தவன்..."

"ஏன் வந்தான்?"

"சொல்லி முடிக்க விடேன். திரும்பி வந்தவன் இக்கரையில..."

"ஏன் வந்தான்னு கேக்கிறேன். போனவன் எதுக்குத் திரும்பணும்?"

"கதைக்கு அவன் இங்க வரணும், தேவானை. வந்தாத்தான் மேல நடக்கும்."

"உங்க கதைக்கு வேணும்னா அவன் வருவானா? அவனுக்கு வேணும்னாத்தான் வருவான்."

"துடுப்பை மறந்து வெச்சிட்டான். எடுக்க வந்தான். போதுமா?"

"துடுப்பில்லாம அக்கரைக்கு எப்படிப் போனானாம்? இதுக்குத்தான் ராஜா கதையே வேண்டாம்னுட்டார். அது கிடக்கட்டும், குழம்புக்கு உப்பு போட்டீங்களா?"

"போட்டேன்."

"போடலை. கல்லுப்புச் சட்டி மூடினது மூடினபடி இருக்கு."

முன்னொரு காலத்தில் ஒரு ராஜ்யத்தில், சாயங்கால வேளையில், ஒரு வீட்டுச் சுவரைத் தாண்டிக் கேட்ட பேச்சு இது. ராஜ்யத்தின் பேரைச் சொன்னால் யாராவது அது எங்கள் ஊர்தான் என்று சண்டைக்கு வருவார்கள். அதனால் பேர் வேண்டாம். வீட்டுக்காரன் மருதக்கூத்தன், அரண்மனை விகடகவி. தேவானை அவன் பெண்டாட்டி. போன ஆடி மாதமே அவள் செத்துப்போயிருந்தாள். அடுப்படியில் கூத்தன் ஒருவன்தான் நின்றுகொண்டிருந்தான். இரண்டு குரலும் அவனுடையவை.

பிள்ளைகுட்டி இல்லாத வீடு. முப்பது வருஷமாகச் சபையில் சொல்லப்போகும் கதையை முதல்நாள் தேவானையிடம் சொல்லிப் பார்ப்பான். அந்த நாட்டில் கதை கேட்பவர்கள் 'ம்' கொட்ட வேண்டும்; 'ம்' நின்றால் சொல்பவனும் நின்றுவிடுவான். தேவானை எங்கே 'ம்' கொட்டாமல் விட்டாளோ அங்கே கதையில் ஓட்டை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஓடக்காரன் கதை அவள் இருந்தபோதே பாதியில் நின்றது. அவன் ஏன் திரும்பி வந்தான் என்பதற்கு அவள் ஒத்துக்கொள்கிற காரணம் கிடைக்கவில்லை.

ராஜா கதையே வேண்டாம் என்றது எதனால் என்றால், அதற்கும் கூத்தன்தான் காரணம். தேவானை காரியமெல்லாம் முடிந்து நாற்பதாம் நாள் சபைக்குத் திரும்பியவன், வழக்கம்போலச் சிரிப்புக்கதை சொல்லவில்லை. பாகன் செத்துப்போனது தெரியாமல் அவன் குரலுக்காகக் காதை விரித்துக்கொண்டு நின்ற ஒரு யானையின் கதையைச் சொன்னான். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த யானையை நம் லாயத்துக்கே அழைத்து வாருங்கள் என்று ஒரு வண்டிக் கரும்போடு ஆட்களை அனுப்பினார். அவர்கள் மூன்று மாதம் நாடெல்லாம் தேடினார்கள். கரும்பு காயக் காயப் புதுக்கரும்பு ஏற்றிக்கொண்டு தேடினார்கள். கடைசியில் பண்டகசாலை அதிகாரி அம்பலராயர், அப்படி ஒரு யானையே கிடையாது பிரபு, அது கட்டுக்கதை என்று காதோடு சொன்னார்.

ராஜாவுக்கு அவமானமாகப் போய்விட்டது. இல்லாத யானைக்கா நான் அழுதேன் என்று கேட்டார். இல்லாததை இருப்பதாகச் சொல்லும் எவனும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று அன்றே முரசு அறைந்தார்கள்.

அம்பலராயருக்கு நெடுநாளாகவே கூத்தன்மேல் ஓர் எரிச்சல். ராயரும் ஒருநாள் சபையில் வேடிக்கை ஒன்று சொல்லிப் பார்த்தார். ராஜா அவருக்கு உடம்புக்கு என்னவோ என்று வைத்தியரை அனுப்பிவைத்தார். அதை அவரால் மறக்க முடியவில்லை. கூத்தன் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் ஒரே சுவர். சாயங்காலங்களில் சுவரில் காதை வைத்துக் கேட்டார். பத்து நாள் கேட்டபின் ராஜாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் கூத்தனைச் சபை நடுவில் நிறுத்தினார்கள்.

"கூத்தா, உன் மனைவியின் சிதைக்கு நானே சந்தனக்கட்டை அனுப்பினேன். அப்படியிருக்க, உன் வீட்டில் பேசுகிறவள் யார்?" என்று ராஜா கேட்டார்.

"தேவானைதான், பிரபு."

ராயர் முன்னே வந்து, இல்லாதவளை இருப்பதாக வைத்து இவன் குடும்பம் நடத்துகிறான், சட்டப்படி இன்றைக்கே எல்லையைத் தாண்ட வேண்டும் என்றார்.

ஊரைவிட்டுப் போவது கூத்தனுக்குப் பெரிதில்லை. எந்த ஊரிலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துச் சோறு தின்னலாம். ஆனால் தேவானையின் குரல் அந்த அடுப்படியில் மட்டும்தான் வந்தது. முற்றத்தில் நின்று முயன்று பார்த்திருக்கிறான், ஆற்றங்கரையிலும் பார்த்திருக்கிறான். வரவில்லை. கரி படிந்த சுவருக்கும் அம்மிக்கும் நடுவே நின்று வாயைத் திறந்தால்தான் வரும். எல்லையைத் தாண்டினால் அதோடு அவள் போய்விடுவாள், இரண்டாவது தடவையாக.

அவன் குனிந்து வணங்கி, தண்டனைக்கு முன் சாட்சியை முழுதாகக் கேட்க வேண்டும், கேட்கும்போது பிரபு நாட்டு வழக்கப்படி 'ம்' கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் ராயருக்குப் பேச்சு ஓடாது என்று கேட்டுக்கொண்டான். இதில் என்ன இருக்கிறது என்று ராஜா ஒத்துக்கொண்டார்.

ராயர் முதலில் வறட்சியாகத்தான் ஆரம்பித்தார். நேற்றுச் சாயங்காலம் குரல் கேட்டது என்றார். ராஜா 'ம்' என்றார். ஓர் ஓடக்காரனைப் பற்றிச் சண்டை என்றார். 'ம்.' அந்த அம்மாள் விடவே இல்லை, ஏன் வந்தான் ஏன் வந்தான் என்று குடைந்தாள் என்றார். 'ம்' கொஞ்சம் வேகமாக வந்தது. ராயர் வாழ்நாளில் எவரும் அவருக்கு இப்படி 'ம்' கொட்டியதில்லை. முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குரலைக் கீச்சென்று உயர்த்தி, துடுப்பில்லாமல் எப்படிப் போனானாம் என்று தேவானையாகவே பேசிக்காட்டினார். சபை சிரித்தது. ராயருக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அப்போது அவள் என்ன செய்தாள்?" என்று ராஜா சிம்மாசனத்தில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கரண்டியை ஓங்கினாள், பிரபு."

"கோபமாகவா?"

"முகமெல்லாம் சிவந்துவிட்டது. வலது மூக்கில் சிவப்புக்கல் மூக்குத்தி. அது ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே."

"ம். பிறகு?"

"பிறகு உப்புச் சட்டியைத் தூக்கி அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்..."

"இவன் என்ன சொன்னான்?"

"இவன் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மாளுக்கே கண் கலங்கிவிட்டது."

"ஐயோ பாவம்" என்றார் ராஜா. "சாப்பிட்டார்களா, இல்லையா?"

கூத்தன் அதுவரை விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது கையைத் தூக்கினான்.

"பிரபு, மூன்று பேருக்கும் கட்டுச்சோறு கட்டச் சொல்லுங்கள்."

"எந்த மூன்று பேர்?"

"எல்லையைத் தாண்ட வேண்டியவர்கள். இல்லாத தேவானைக்குக் குரல் கொடுத்தது நான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளுக்கு மூக்குத்தி போட்டு, முகத்தைச் சிவக்கவைத்து, கண்ணைக் கலங்கவைத்தவர் ராயர். இருபத்தொரு முறை 'ம்' கொட்டி அவளை இந்தச் சபையில் உட்காரவைத்தவர் தாங்கள். சாப்பிட்டாளா என்றும் கேட்டீர்கள். சட்டத்தில் மூவருக்கும் ஒரே தண்டனைதான்."

ராயர் உட்கார இடம் தேடினார். ராஜாவின் முகம் இறுகியிருந்தது.

"அவள் இறந்தது எனக்குத் தெரியும், கூத்தா. தெரிந்தும் ஏன் கேட்டேன்?"

"அதனால்தான் பிரபு, யானைக்கதை பொய் இல்லை. பொய் சொல்கிறவன் கேட்பவருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டும். கதையில் கேட்பவர் எல்லாம் தெரிந்தேதான் 'ம்' என்கிறார். பாதியை நான் கட்டுகிறேன், மீதியை அவர் கட்டுகிறார். நீங்கள் 'ம்' என்று சொல்லாமல் இருந்திருந்தால் ராயர் குரல் கேட்டது என்பதோடு நிறுத்தியிருப்பார். மூக்குத்தி வந்திருக்காது."

ராஜா ராயரைப் பார்த்தார். ராயர் கை இன்னும் இல்லாத உப்புச் சட்டியைப் பிடித்தபடி காற்றில் நின்றது. அதைப் பார்த்துத்தான் ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. மகுடம் சரியும்வரை சிரித்தார். சட்டத்தைக் கிழித்துப்போடச் சொன்னார். கூத்தனுக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, யானைக்கு ஏற்றி வைத்த கரும்பு வண்டியையும் வீட்டுக்கு ஓட்டிப்போகச் சொன்னார். ராயருக்கும் ஒரு கட்டுக் கரும்பு உண்டு, நன்றாகச் சொன்னார் என்றார். எல்லாரும் கலைந்தபின் கூத்தனை அருகே அழைத்தார்.

"என்னிடம் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை, கூத்தா. எல்லாவற்றுக்கும் 'ஆகட்டும்' என்கிறார்கள்" என்றவர், பிறகு மெல்ல, "யானைக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டுச் சொல்" என்றார்.

வீட்டு வாசலில் கரும்பை இறக்கிவிட்டு வண்டிக்காரன் போனான். கூத்தன் சால்வையை மடித்து வைத்துவிட்டு அடுப்பு மூட்டினான். கரிச்சுவருக்கும் அம்மிக்கும் நடுவே நின்று, சபையில் நடந்ததை எல்லாம் சொன்னான். ராயர் பட்ட பாட்டைச் சொல்லும்போது அவள் சிரிக்க வேண்டிய இடம் வந்தது. சிரிப்பதற்கு வாயைத் திறந்தான். வந்தது ராயரின் கீச்சுக்குரல்.

நிறுத்தினான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்த்தான். அதே கீச்சுக்குரல்தான். கண்ணை மூடினால் வலது மூக்கில் சிவப்புக்கல் ஆடியது. தேவானைக்கு மூக்குத்தியே கிடையாது. சின்ன வயதில் குத்திய துளை தூர்ந்துபோய், மறுபடி குத்த மாட்டேன் என்று இருந்துவிட்டவள். சபையில் அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ராயர் அங்கேயே நின்றிருப்பார், கதை வளர்ந்திருக்காது, இவன் இந்நேரம் எல்லைக்கு அப்பால் இருந்திருப்பான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கரும்பு கடிக்கும் சத்தம் கேட்டது. குழம்பு கொதித்தது. உப்புச் சட்டியைத் திறக்காமல் குழம்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தான். பிறகு அவள் குரலுக்கு முயலாமல், தன் குரலிலேயே, அம்மியைப் பார்த்துச் சொன்னான்.

"ஓடக்காரன் அக்கரையில பொங்கித் தின்னான். உப்பு இருக்கா இல்லையான்னு சொல்ல அங்க ஆள் இல்லை. அதான் திரும்பி வந்தான். இது போதுமா, தேவானை?"