மோர்சிங் அகோரம் வாசித்த எட்டு நிமிஷம்

மேலநெய்வாசல் சபாபதி தாசர் உற்சவத்துக்கு நீங்கள் போனதில்லை என்றால் பெரிய நஷ்டமில்லை. போனவர்களிலும் பாதிப் பேருக்கு உட்கார இடம் கிடைத்ததில்லை. தாசர் பாடி வைத்தது நூற்றுச் சொச்சம் கீர்த்தனை. அதைப் பாட மூன்று நாளும் வந்து குவிகிறவர்கள் நானூறு பேர். ஆகவே ஒரு கோஷ்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்று கணக்கு. பன்னிரண்டு முடிந்தால் மேடைக்கு எதிர்த் தூணில் சிவப்பு பல்பு எரியும். எரிந்த பிறகும் வாசித்துக்கொண்டிருந்தால் காரியதரிசி கும்பலிங்கம் மைக்கை அணைத்துவிடுவார். அவருக்குத் தாசரிடம் நிறைய பக்தி. கைக்கடிகாரத்திடம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

அந்த உற்சவத்துக்குப் பத்து வருஷமாக வயலினைத் தூக்கிக்கொண்டு வந்துபோகிறவள் தையல்நாயகி. பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பத்து வருஷமும் அவளுக்குக் கிடைத்த நேரம் விடியற்காலை ஐந்தேகால். அப்போது அவள் வாசிப்பைக் கேட்கப் பந்தல் கூட்டுகிற அம்மாள் ஒருத்திதான் உண்டு. கூட்டி முடித்ததும் அந்த அம்மாளும் போய்விடுவாள். இந்த வருஷம் யாருக்கு என்ன கருணை பிறந்ததோ, மூன்றாம் நாள் பிற்பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு என்று கடுதாசி வந்தது. மூன்றிலிருந்து நான்கு வரை ரேடியோவில் நேரடி ஒலிபரப்பு! ரேடியோக்காரர்களுக்குப் பிடித்துப்போனால் தனிக் கச்சேரியே கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் மறுபடியும் துடைப்பத்துக்குத்தான் வாசிக்க வேண்டும்.

இத்தனை கவலையோடு வந்தவளுக்கு மோர்சிங் வாசிக்க வாய்த்தவர் அகோரம்.

மோர்சிங் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு இரும்பு வளையம். நடுவில் மெல்லிய நாக்கு. பல்லோடு சேர்த்துப் பிடித்து விரலால் மீட்டினால் 'தொய்ங்' என்று பேசும். நாற்பது வருஷமாக அகோரம் அதை வாயில் வைத்திருந்தார். வைக்காத நேரத்தில் வாய் சும்மா இருந்ததா என்றால், அதுதான் இல்லை.

மத்தியானம் சாப்பாட்டுக் கொட்டகையில் தையல்நாயகிக்கு ஒரு பக்கம் அகோரம், இன்னொரு பக்கம் மிருதங்கம் சட்டநாதன். சாம்பார் வருவதற்குள் அகோரம் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தச் சிவப்பு பல்பு இருக்கே தங்கச்சி, அது எனக்கு மட்டும் எரியாது. ஒரு வருஷம் இப்படித்தான், பன்னெண்டு நிமிஷம் ஆச்சு, எரியல. இருபது ஆச்சு, எரியல. கும்பலிங்கம் சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பாக்குறாரு. எலக்ட்ரீஷியன் ஏணி வச்சு ஏறினான். இறங்கி வந்து கையைக் கட்டிக்கிட்டு, 'சார், பல்பு நல்லாத்தான் இருக்கு. அவரு முடிக்கட்டும், அப்புறம் எரியுறேங்குது'ன்னான்."

"கரெண்டு போயிருக்கும்ணே" என்றான் சட்டநாதன், அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே.

"கரெண்டு எங்க போச்சு? ஃபேன் சுத்துச்சேப்பா. அதுவும் ஆதி தாளத்துல சுத்துச்சு."

எதிர் வரிசையில் இரண்டு பேர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். தையல்நாயகி பொறுமையாக, "அண்ணே, காம்போதி கீர்த்தனை தொடங்குற எடுப்பு தாளத்துக்குக் கொஞ்சம் தள்ளி வருது. சாப்பிட்டதும் ஒருதரம் பாத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"எடுப்பு கிடக்கட்டும்மா, ரசம் வருது பாரு. அதுக்கு அடுத்த வருஷம் என்னாச்சு தெரியுமா? வாசிச்ச வேகத்துல மோர்சிங்கை முழுங்கிட்டேன்."

ரசம் ஊற்ற வந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார்.

"முழுங்கிட்டா நிப்பாட்டிடுவோமா? உள்ள இருந்தபடியே வாசிச்சேன். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க. டாக்டரு குழாயைக் காதுல மாட்டி என் வயித்துல வச்சாரு. வச்சவரு எடுக்கல. தொடையில தாளம் போட ஆரம்பிச்சுட்டாரு. 'சார் எனக்குக் கொஞ்சம், சார் எனக்குக் கொஞ்சம்'னு நர்சுங்க குழாயைப் புடுங்குறாங்க."

"ஆபரேஷன் பண்ணலியா?" என்றார் ரசக்காரர்.

"தனி ஆவர்த்தனத்துக்கு நடுவுல கத்தி வைக்கறதுக்கு அவரென்ன ரசனை கெட்டவரா? மூணு நாள் காத்திருந்தாங்க. நானாப் பாத்து ஒரு முத்தாய்ப்பு வச்சேன். மூணாவது 'தா'வுல தொபுக்குனு வந்து விழுந்துச்சு."

"எந்தப் பக்கமாண்ணே?" என்றான் சட்டநாதன்.

"சாப்பிடுற இடத்துல கேக்குற கேள்வியாடா இது?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. தையல்நாயகிக்குச் சிரிப்பு வரவில்லை. மணி இரண்டேமுக்கால்.

"அட, இதுகூடப் பரவால்ல" என்று அகோரம் சட்டநாதன் பக்கம் திரும்பினார். "வாசல்ல தாசர் சிலை இருக்கே, அது மார்பளவு சிலைன்னுதானே நினைச்சுக்கிட்டிருக்கே?"

"மார்பளவுதானே இருக்கு?"

"வைக்கும்போது முழுசா நின்னாரு தம்பி. நான் ஒரு நாள் வாசல்ல உட்கார்ந்து சாதகம் பண்ணினேன். கேட்டுட்டு மனுஷன் உட்கார்ந்துட்டாரு. மீதி தரைக்குள்ள இருக்கு. நம்பலேன்னா தோண்டிப் பாரு."

"தோண்டினா என்னையும் உள்ளே வச்சு மூடிடுவாங்கண்ணே."

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மோர் ஊற்றிக்கொண்டு அகோரம் சொன்னார்: "இதே மேடைதான். ஒரு தடவை ஒம்பது பேர் வர வேண்டிய கோஷ்டி வரல. நான் ஒருத்தனா ஏறி, இந்த ஒத்தை மோர்சிங்லயே வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் அத்தனையும் வாசிச்சுட்டு இறங்கினேன். பொன்னாடை போத்த வந்தவங்க மீதி எட்டுப் பேரைத் தேடினாங்கன்னா பாத்துக்கயேன்."

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

கும்பலிங்கம் நின்றிருந்தார். கையில் பெயர்ப் பட்டியல், முகத்தில் வியர்வை. மூன்று மணிக்கு வாசிக்க வேண்டிய வீணைக் கோஷ்டியின் வேன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாம். ரேடியோவோ மூன்றுக்குத் தொடங்கிவிடும்.

"அவங்க பன்னெண்டு, உங்க பன்னெண்டு, சேர்த்து இருபத்துநாலு நிமிஷம். டீச்சரம்மா, நீங்க மூணு பேரும் ஏறுங்க. நடுவுல ஒரு விநாடி சும்மா இருக்கக் கூடாது. ஒம்பது பேருக்கு வாசிச்சவரைக் கூடவே வச்சிருக்கீங்க, உங்களுக்கென்ன கவலை?"

அகோரத்தின் கையிலிருந்த மோர் இலைக்கு வெளியே போயிற்று.

அவசரமாகக் கை கழுவிவிட்டு ஏறினார்கள். தன் பையை எடுக்கக்கூட அகோரத்துக்கு நேரமில்லை. இடுப்பில் செருகியிருந்த மோர்சிங்கோடு வந்து உட்கார்ந்தார். தையல்நாயகி நடுவில். அவளுக்கு வலது பக்கம் சட்டநாதன், இடது பக்கம் கை எட்டுகிற தூரத்தில் அகோரம். பெயர்களைச் சொல்லிவிட்டு அறிவிப்பாளர் நகர்ந்தார்.

காம்போதியை விஸ்தாரமாகவே எடுத்தாள். முதல் நிமிஷம் கண் சிவப்பு பல்பிலேயே இருந்தது. பிறகு, பத்து வருஷமாகத் துடைப்பத்துக்கு வாசித்த காம்போதி அல்லவா, தானே வழி கண்டுபிடித்துப் போயிற்று. ராகம் எட்டு நிமிஷம், கீர்த்தனை ஆறு. மீதிப் பத்தைத் தாளக்காரர்களின் தனி ஆவர்த்தனத்துக்கு விட்டுவிட்டு வில்லை மடியில் வைத்தாள்.

சட்டநாதன் இரண்டே நிமிஷம் வாசித்தான். கொட்டகைச் சிரிப்பு இன்னும் அவன் வாயோரத்தில் இருந்தது. சின்னதாக ஒரு கோர்வை வைத்துவிட்டு, 'இனி எல்லாம் உங்க பாடு' என்று அகோரத்தைப் பார்த்துக் கை நீட்டினான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட உட்கார்ந்துவிட்டான்.

அகோரம் மோர்சிங்கை வாயில் வைத்தார். நான்கு ஆவர்த்தனம் ஒழுங்காகப் போயிற்று. ஐந்தாவதில் 'டிக்' என்று ஒரு சத்தம்.

தையல்நாயகி திரும்பினாள். நாக்கு ஒடிந்துவிட்டது. அகோரத்தின் நாக்கல்ல, அது ஒடிகிற ஜாதியில்லை, மோர்சிங்கின் நாக்கு. ஒடிந்த முனை உதட்டைக் கிழித்து ரத்தம் கசிந்தது. ஒரு விநாடி. ரேடியோவில் ஒன்றுமே இல்லை. கும்பலிங்கம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

'தொய்ங்.'

அவள் மறுபடி பார்த்தாள். வெறும் வளையம் பல்லில் இருந்தது. விரல் காற்றை மீட்டிக்கொண்டிருந்தது. சத்தம் தொண்டையிலிருந்து வந்தது. தொண்டையையும் கன்னத்தையும் என்ன செய்தாரோ, அச்சு அசலாக மோர்சிங்! தாள நடையை மாற்றித் திஸ்ரம் போட்டார், கண்டத்துக்குப் போனார், மறுபடி சதுஸ்ரத்துக்கு வந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் வழிந்தது. மூச்சு வாங்கவும் இடமில்லாமல் மீதி நேரம் முழுவதையும் அந்த மனிதர் வெறும் வாயாலேயே ஓட்டினார். பந்தலில் ஒருவருக்கும் தெரியவில்லை. சட்டநாதன் கண்ணைத் திறந்து, ஒருமுறை தலையைக்கூட ஆட்டிவிட்டு, மறுபடி மூடிக்கொண்டான்.

பல்பு எரிவதற்குச் சரியாக முன்னால் முத்தாய்ப்பு வந்து விழுந்தது. தையல்நாயகி வில்லை எடுத்துப் பல்லவியைப் பிடித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கொட்டகையில் காப்பி. ரேடியோ அதிகாரி தேடிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் அவளுக்கு ஒரு மணி நேரம் தனிக் கச்சேரி என்றார். "மோர்சிங்காரரையும் அவசியம் கூட்டிட்டு வாங்கம்மா. என்ன நாதம்!" என்று அகோரத்தின் பெயரை விலாசத்தோடு எழுதிக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் தையல்நாயகியால் அடக்க முடியவில்லை. பொய் சொன்னால் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற டீச்சர் அவள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "மோர்சிங் ஆரம்பத்துலயே ஒடிஞ்சுபோச்சு! அண்ணன் எட்டு நிமிஷமும் வெறும் தொண்டையாலதான் வாசிச்சாரு. நான் என் கண்ணால பாத்தேன்!"

காப்பி டம்ளர்களெல்லாம் அந்தரத்தில் நின்றன. எல்லோரும் அகோரத்தைப் பார்த்தார்கள். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அவர் புளுகு எதுவும் சொல்லாமலேயே ஒரு கூட்டம் வாய் பிளந்து நின்றது. அவரோ கொட்டகையில் விட்டுப்போயிருந்த பைக்குள் கையை விட்டு, முழுசாக ஒரு மோர்சிங்கை எடுத்துக் காட்டினார். நன்றாக, நாக்கோடு.

"நல்லாத்தானேம்மா இருக்கு? சும்மா, எப்பவும் போலத்தான் வாசிச்சேன்."

"அது இன்னொண்ணு! உதட்டைப் பாருங்க, ரத்தம்!"

"வெத்தலைம்மா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்நாயகிக்கு முகம் எரிந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அகோரம் அவள் பக்கம் சாய்ந்தார். குரல் கம்மிக் கிடந்தது. "விட்டுடு தங்கச்சி. என் பேரைக் கேட்டு எழுதிக்கிட்டுப் போனது இந்த நாப்பது வருஷத்துல அவரு ஒருத்தருதான். அதுவும் மோர்சிங்காரன்னு எழுதிக்கிட்டுப் போயிருக்காரு. மோர்சிங்கே இல்லேன்னு இப்பச் சொல்லலாமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். சட்டநாதன் காப்பியை ஆற்றியபடி அவளை இரக்கத்தோடு பார்த்தான்.

"டீச்சர், உங்களுக்குப் பழக்கமில்ல, விட்டுடுங்க. அண்ணனும்தான் புளுகுறாரு. ஆனா இப்படி ஒரேயடியாவா புளுகுறாரு?"