கிருமி நுழையாத தொட்டி

கடவுள் மூளையைப் பங்கு வைத்தபோது பூஞ்சோலை நகர்க்காரர்கள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்றிருந்தார்களாம். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன். மாநகரம் வீங்கி வீங்கி அவர்கள் காலனியையும் சேர்த்துக்கொண்டது. வீடு முன்னூறு, தண்ணீர்த் தொட்டி ஒன்று. அந்தத் தண்ணீரைக் குடித்து ஜெயக்கொடியின் மகளுக்கு மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. பிள்ளை கிழிந்த நாராய்க் கிடந்தது. நல்ல தண்ணீர் கொடுங்கள் என்று பெற்றவள் காலனிச் சங்கத்தில் வந்து அழுதாள்.

சங்கத் தலைவர் சிங்கராயர் சுகாதார ஆய்வாளரை வரவழைத்தார். ஆய்வாளர் தொட்டிமேல் ஏறி எட்டிப் பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். கழுவுங்கள், மூடி போடுங்கள், வெளியிலிருந்து உள்ளே எதுவும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கழுவ நாலு பேர் போனார்கள். காலைக் கழுவாமல் உள்ளே இறங்கக் கூடாது என்றார் செயலாளர் தவசிமுத்து. நியாயம்தான். ஆனால் கால் கழுவத் தண்ணீர் தொட்டிக்குள்தான் இருந்தது. அதனால் நாலு பேரும் உள்ளே இறங்கிக் காலைக் கழுவிக்கொண்டு, வெளியே வந்து, மறுபடி முறைப்படி இறங்கினார்கள்.

தண்ணீரை இறைத்துக் கொட்டி, தேய்த்துக் கழுவி, மூடியைச் சுற்றிச் சிமென்ட் பூசினார்கள். பூசி முடித்ததும் உள்ளே யாரோ தட்டும் சத்தம் கேட்டது. அவரும் வெளியிலிருந்து போனவர்தான் என்பதால் உடைத்து எடுத்தார்கள். இல்லாவிட்டால் விட்டிருப்பார்கள்.

மறுபடி பூசும்போது தவசிமுத்துவின் கண் ஒரு குழாயில் பட்டது.

"தலைவரே, இது எங்கேயிருந்து வருது?"

"ஏரியிலிருந்து."

"ஏரி உள்ளே இருக்கா, வெளியே இருக்கா?"

சிங்கராயர் வெகுநேரம் யோசித்தார். "வெளியேதான்," என்றார். தலையில் கை வைத்துக்கொண்டார். "இத்தனை வருஷமா ஒரு ஏரியையே உள்ள விட்டுட்டு இருந்திருக்கோம், தவசி."

அந்தக் குழாயையும் அடைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து ஆய்வாளர் தண்ணீர் மாதிரி எடுக்க வந்தார். ஜெயக்கொடி வீட்டுக் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. அவருடைய படிவத்தில் கிருமி உண்டு, கிருமி இல்லை என்று இரண்டே கட்டம். தண்ணீர் இல்லை என்று எழுத இடமில்லை. வந்ததைப் பாட்டிலில் பிடித்து, மூடி, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். படித்தவர் கடமை தவறுவாரா? மறுநாளே முடிவு வந்தது: கிருமி இல்லை. சங்கத்தில் எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள்.

ஜெயக்கொடி காலிக் குடத்தோடு வந்து நின்றாள். "பிள்ளை தண்ணி தண்ணின்னு கேக்குதுய்யா. குழாயைத் திறந்தா வெறும் காத்துதான் வருது."

சிங்கராயர் சான்றிதழை அவள் முன் நீட்டினார். "வெறும் காத்துன்னு சொல்லாதம்மா. சோதிச்சுப் பாத்த காத்து."

தவசிமுத்து அவர் காதில் ஏதோ சொன்னார். தலைவர் கனிவோடு தலையாட்டினார்.

"ஆனாலும் சின்னப் பிள்ளை பாரு. எதுக்கும் காய்ச்சியே குடு."