ஜமீன்தார் கழுத்தும் ஊர்க் காய்ச்சலும்

கீழமங்கலம் ஜமீன்தாருக்கென்று தனி வைத்தியர் இருந்தார். ஊரெங்கும் காய்ச்சல் பரவியபோது, "எல்லாருக்கும் மருந்து கொடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்? எவனும் அரண்மனை வாசலை மிதிக்கக் கூடாது" என்று உத்தரவு போட்டார் ஜமீன்தார்.

மறுநாள் சவரம் செய்ய வந்த மருதப்பன், அவர் தொண்டையில் கத்தியை வைத்ததும் "ஹ... ஹ..." என்று மூக்கைச் சுளித்தான்.

"டேய், தும்மித் தொலைக்காதே! வைத்தியரே, இவனுக்கு உடனே மருந்து கொடும்!"

"எனக்கு மட்டும் போதுமா, எசமான்? பெண்டாட்டியும் தும்முகிறாள், நாளைக்கே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஒட்டியது. அவர்களுக்குச் சந்தையில்..."

ஜமீன்தார் பாதி முகத்து நுரையோடு வாசலுக்கு ஓடினார். "ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்து மருந்து குடியுங்கள்!"

"எசமானுக்குத்தான் எவ்வளவு இரக்கம்!" என்று ஊரே கும்பிட்டது. ஜமீன்தார் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.